அலைகளிடையே இரும்புத் தூண்கள்

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடுமுறை நாளில் புதுவைக் கடற்கரைக்குச் செல்லும் நம்மில் பலர், காந்தி சிலையருகே அலைகளிடையே தலைநீட்டும் துருவேறிய தூண்களைக் கண்டிருப்போம். கண்டும் கடந்து போயிருப்போம். அத்தூண்கள் நம் வயல்களின் வரலாற்றையும் தாங்கி நின்றவை என்பதை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம்.

புதுவைக்கு இயற்கைத் துறைமுகம் அமையவில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் சலங்குகளே கரைசேர்த்தன. ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆயினும் சீறும் அலையில் சலங்கு கவிழ்வதும் உண்டு. இவ்விடரைத் தவிர்க்கவே பிரெஞ்சு அரசு 1866இல் இரும்புக் கடற்பாலம் அமைத்தது.

1879இல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு இரயில் பாதை வந்தது. தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த வேர்க்கடலை புதுவை வழியே மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. நம் முன்னோர் வானம் பார்த்து விதைத்த பயிர், அவர்கள் காணாத நாட்டில் எண்ணெயாயிற்று, சோப்பாயிற்று. பயிர் மட்டுமா சென்றது? ரீயூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் திரும்பி வராதோர் பலர்.

1952ஆம் ஆண்டுப் புயல் அந்தப் பாலத்தைச் சிதைத்தது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் விடைபெற்றது. அதன்பின் தெற்கே எழுப்பப்பட்ட புதிய பாலம் 1962இல் முடிந்தது. காலப்போக்கில் கப்பல்களின் வரவு நின்றது; எனினும் தூண்டிலோடு வந்த எளியவர்களுக்கு அது பயன்பட்டது. 2022 மார்ச் 6ஆம் நாள், கடல் கொந்தளிப்பில் அதன் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தது.

நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. வடக்கே கரை அரிக்கப்பட்டது. ஓரிடத்தில் கடலை அடக்க முயன்றதற்கு வேறோர் இடத்தில் குடியிருந்த மீனவர் விலை கொடுத்தனர். மரக்காணம் பகுதி மீனவர்களோ, பாலம் எதுவுமின்றி, மணற்கரையிலிருந்தே தலைமுறை தலைமுறையாய்ப் படகைக் கடலில் தள்ளி வந்தவர்கள். கரையில் மணல் இல்லையேல் அவர்களுக்குத் துறையே இல்லை.

கட்டியவர்கள் கப்பலை எண்ணிக் கட்டினார்கள். சரக்கை எண்ணிக் கணக்கெழுதினார்கள். உழுதவனும், கப்பலேறிய கூலியும், தூண்டிலோடு காத்திருந்தவனும் அக்கணக்கில் பெயரின்றிப் போயினர். அடுத்தமுறை அக்கடற்கரையில் நிற்கும்போது, நம் பிள்ளைகளுக்கு அத்தூண்களைச் சுட்டிக்காட்டி அம்மனிதர்களைப் பற்றியும் சொல்வோம். அவர்களை நினைவில் வைப்பது நம் கடமை.