பெரியார் கண்ட ‘இனிவரும் உலகம்’

எதிர்காலம் எப்படியிருக்கும் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். தந்தை பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940களில் வெளிவந்தது. அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, இன்றைய என் வயதுதான்.

சட்டைப்பையில் கம்பியில்லாக் கருவி, முகம் பார்த்துப் பேசும் வசதி, ஓரிடத்திலிருந்தே பல ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம், உடலுறவு இல்லாமல் குழந்தை என்றெல்லாம் அதில் சொன்னார். சோதனைக்குழாய்க் குழந்தை 1978இல் பிறந்தது. இந்தியாவில் செல்போன் 1995 ஜூலை 31 அன்று வந்தது. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு இணைய வகுப்பு நடந்ததை நாமே பார்த்தோம்.

ஆனால் இந்தக் கருவிகளை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கடினமான வேலை, இழிவான வேலை எதையும் மனிதன் செய்ய வேண்டியிராது, இயந்திரம் செய்யும் என்றும் அவர் எழுதினார். அதன் கதி என்ன?

மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு அரசு 1973இல் ஒழித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்த பெரியார் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கொல்கத்தாவிலோ கை ரிக்‌ஷா இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. அங்கே மோட்டார் வண்டி இல்லாமலா போயிற்று? இயந்திரம் வந்தால் மட்டும் போதாது, ‘இனி இது கூடாது’ என்று ஒரு சமூகம் முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் மந்தைவெளியில் பூமிக்கு அடியில் மெட்ரோ ரயில் நிலையம் அமைகிறது. பாறையைக் குடைய இயந்திரம் இருக்கிறது. ஆனால் நாட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இன்னும் மனிதன் இறங்குகிறான். 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள்? இறங்குகிறவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கருவிகளைப் பற்றிப் பெரியார் சொன்னதை விஞ்ஞானிகள் செய்து முடித்தார்கள். மனிதர்களைப் பற்றிச் சொன்னதை நாம்தான் செய்ய வேண்டும்.

என் மாணவர்களில் பொறியாளர்கள் உண்டு, அரசு அலுவலர்கள் உண்டு. 2060இல் பறக்கும் கார் வருமா என்று நான் கேட்கவில்லை. சாக்கடைக்குள் யாரும் இறங்காத ஊராக இது இருக்குமா? அதற்கு உங்கள் வேலையில் நீங்கள் என்ன செய்ய முடியும்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.