கடற்பாசியின் பெயரைத் தேடி

நோன்பு திறக்க நாங்கள் காய்ச்சுகிற கடற்பாசி, கடலில் வளரும் சிவப்பு அல்காக்களில் இருந்து எடுக்கும் அகர்தான். வலைப்பாட்டில் கடலுக்குள் கயிறு கட்டி வளர்ப்பதும் சிவப்பு அல்காதான், ஆனால் இனம் வேறு.

இந்தக் குடும்பத்தில் ஒன்று கஞ்சிப்பாசி. வெள்ளைக்காரர் 'சிலோன் மொஸ்' என்றார்கள். விஞ்ஞானப் பெயர் கிரசிலாரியா லைக்கனொயிடெஸ். 1952இல் அமெரிக்கரான போல் சில்வா, க்மெலின் 1768இலேயே வைத்த 'எடுலிஸ்' என்ற பெயர்தான் மூத்தது என்று அதை மாற்றினார். உண்ணக்கூடியது என்று அர்த்தம். 2004இல் மரபணுவை ஒப்பிட்டவர்கள் பேரினத்தையே ஹைட்ரோபுந்தியா என்று மாற்றினார்கள்.

ஏன் இவ்வளவு குழப்பம்? அலையும் ஆழமும் வெளிச்சமும் மாறினால் ஒரே அல்காவின் உருவம் மாறும். வேறு வேறு இனங்கள் ஒன்றுபோலவும் இருக்கும். அப்படியென்றால் ஒரு பெயர் எதற்குச் சொந்தம்? அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த முதல் மாதிரியைத்தான் கேட்க வேண்டும். 2009க்குப் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த எங்கட சனத்துக்கு, மூலப்பிரதியின் பெறுமதியை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மாதிரிகள் தாளில் ஒட்டிக் காய்ந்தபடி வெளிநாட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. வில்லியம் ஹார்வி 1853இல் அவுஸ்திரேலியா போகும் வழியில் இலங்கையில் இறங்கிச் சேர்த்த அல்காக்கள் டப்ளின் திரித்துவக் கல்லூரியில் இருக்கின்றன.

காய்ந்த தாள் பேசுமா? 2001இல் ஹியூகி, ஹொமர்சான்ட் ஆகியோரோடு அதே போல் சில்வா ஒரு ஆய்வை வெளியிட்டார். பசிபிக் கரையின் ஜிகார்டினா குடும்பத்துப் பழைய மாதிரிகளில் சிறு துண்டு எடுத்து டி.என்.ஏ.யைப் பிரித்தார்கள். பழைய டி.என்.ஏ. நொறுங்கிப் போயிருக்கும். அதனால் குறுகிய பகுதி ஒன்றை மட்டும் பெருக்கி, இன்று கடலில் கிடைப்பதோடு ஒப்பிட்டார்கள். சில பெயர்களைக் காலங்காலமாக வேறு இனத்துக்குச் சொல்லி வந்தது தெரிந்தது. 1952இல் புத்தகம் புரட்டிப் பெயர் தீர்த்த மனிதர், எண்பதை நெருங்கும் வயதில் மரபணுவுக்கு வந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய விசயம். 2014இல் ஹியூகி குழு, ஜப்பானியரின் நோரிக்குச் சொந்தமான பைரோப்பியாவின் பழைய மாதிரிகளில் இருந்து பசுங்கணிக மரபணுத்தொகுதியை முழுதாகவே எடுத்தது.

ஒப்பிட எங்கட கடல் மாதிரியும் வேண்டுமே. அடுத்த தவணை பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக யோசனை. பாசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியால் தடித்த தாளைக் கொடுத்துத் தூக்கி, பத்திரிகைக்குள் வைத்து அமத்தினால் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்ளும். போர்மலின் வேண்டாம், டி.என்.ஏ.யைக் கெடுத்துவிடும். பழைய பத்திரிகை வைத்திருப்பவர்கள் தந்துதவுங்கள்.