தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்குப் போன கெளுத்தி

வலங்கைமானில் குடமுருட்டி வற்றி மணலாகிக் கிடந்த ஒரு கோடையில், கரையோரக் குட்டையில் எஞ்சியிருந்த நான்கு கெளுத்திக் குஞ்சுகளை எடுத்துவந்து வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டோம். ஓடும் நீரிலும் தேங்கிய நீரிலும் பிழைக்கும் மீன்தான் இது. ஆயினும் சிறு மோட்டார் வைத்து ஒருபுறம் நீரை வேகமாக ஓடவிட்ட பிறகே அவற்றுக்கு உயிர் வந்தாற்போலத் தோன்றியது. பகலெல்லாம் கூழாங்கல்லின் மறைவில் ஒதுங்கிக் கிடக்கும். விளக்கணைந்ததும் நான்கு இணை மீசைகளையும் நீட்டி ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். வலையால் பிடிக்க முயல்வது தவறு. முதுகிலும் மார்புத் துடுப்பிலும் உள்ள முட்கள் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும். குவளையால் முகந்தெடுப்பதே நல்லது. இதை அறியுமுன் நம் விரலும் ஒருமுறை முள்ளுக்கு இரையாயிற்று!

பழந்தமிழில் கெளிறு எனப்பட்ட இம்மீனுக்கு அறிவியற் பெயர் வாய்த்த கதை நம் மாவட்டத்தார் பலரும் அறியாதது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கு 1771இல் வந்து சேர்ந்த மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், மீன்களைச் சேகரித்துப் பெர்லினுக்கு அனுப்பிவந்தார். அவற்றைப் பெற்றவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்னும் மருத்துவர். இந்தியாவை ஒருநாளும் கண்டிராத அவர், தரங்கம்பாடியிலிருந்து வந்த கெளுத்தியை 1794இல் சிலூரஸ் விட்டாட்டஸ் என்று விவரித்தார். பட்டைக் கோடுடையது என்பது பொருள். இன்று அது மிஸ்டஸ் விட்டாட்டஸ். அதே ஆண்டில் அதே ஊரிலிருந்து தேளியும் பெயர் பெற்றது. அதற்கு அவர் இட்ட ஃபாசிலிஸ் என்ற சொல் 'தோண்டியெடுக்கப்பட்டது' எனப் பொருள்படும். வற்றிய குளத்துச் சேற்றைக் கிளறித் தேளி பிடித்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஜானுக்கும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றை 1793இல் பிளாக் ஜானியஸ் என்று அழைத்தார். கெளுத்தியின் முழுப் பெயரை எழுதும்போது பிளாக்கின் பெயரும் 1794 என்ற ஆண்டும் சேர்ந்தே வருகின்றன. முள் குத்தக் குத்த அதைப் பிடித்துத் தந்த கைகளுக்கு அவ்வரியில் இடமில்லை. பின்னர் 1875-78இல் 'இந்திய மீன்கள்' நூலை வெளியிட்ட பிரான்சிஸ் டே, உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டெழுதிச் சேர்த்தார். அந்த வழக்கத்துக்காகவே அவர்மீது நமக்குத் தனி மதிப்பு.

மேட்டூர் திறந்து ஆற்றில் நீர் வந்ததும் நான்கையும் விட்டுவிடுவது என்பதே நம் முடிவு. மூன்றாம் ஆண்டாக அதைத் தள்ளிப்போட்டு வருகிறோம்.