ஈ.சி.ஆர். வழியில் ஒரு துணித் துறைமுகம்

ஈ.சி.ஆர். ட்ரிப்னு சொன்னதும் நெறைய பேர் மகாபலிபுரம் பத்திப் பேசச் சொன்னீங்க. அதைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நான் அதைத் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கற சதுரங்கப்பட்டினத்துல வண்டியை நிறுத்தினேன்.

கடலைப் பார்த்தபடி ஒரு செங்கல் கோட்டை. டச்சுக்காரங்க கட்டினது. உள்ளே கிடங்குகள், ஒரு கல்லறைத் தோட்டம். கல்லுல டச்சு எழுத்து அவ்ளோ நேர்த்தி! வெளியே மீனவர் குப்பம். 2004 சுனாமி அடிச்ச கரை இது. புதுச்சேரி போற கார்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு கோட்டை இருக்கறதே தெரியாது.

டச்சுக்காரங்க ஏன் இங்க வந்தாங்க? துணிக்காக. 1602ல தொடங்கின அவங்க கம்பெனிக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளோட கிராம்பும் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரங்க ஐரோப்பியச் சரக்கைச் சீண்டல. அவங்க கேட்டது சோழமண்டலக் கரையோட துணி. அதனால முதல்ல இங்க துணி வாங்கணும், அங்க கொண்டுபோய் மசாலாவா மாத்தணும். சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லினுக்குப் பேர் வாங்கின ஊர்.

குமாரபாளையத்துல தறிச் சத்தத்துல வளர்ந்தவன் நான். அதனால கோட்டையைவிட, துணியை எப்படி வாங்கினாங்கங்கறதுதான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு. கம்பெனி வியாபாரிக்குப் பணம் கொடுக்கும், வியாபாரி நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார். எங்க ஊர்ல இதுக்குப் பேர் அட்வான்ஸ். வாங்கினவர் அடைக்கற வரைக்கும் அதே பட்டறைதான்.

ஆனா அன்னைக்கு ஒரு வித்தியாசம் இருந்துச்சு. பிடிக்கலன்னா முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற ஆளுக்கு நெய்யலாம். தொல்லை அதிகமானா நெசவாளர்கள் கூட்டமா ஊரையே காலி பண்ணிட்டு வேற ஆட்சிப் பகுதிக்குப் போயிடுவாங்க. தறியைக் கழட்டித் தூக்கிட்டுப் போறது பெரிய காரியம் இல்ல. வாங்கறதுக்கு டச்சு, இங்கிலீஷ், பிரெஞ்சுன்னு போட்டி வேற. 18ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில இங்கிலீஷ் கம்பெனி கையில ஆட்சி வந்ததும் இது மாறிப்போச்சு. நெசவாளரைக் கண்காணிக்கச் சேவகர்களைப் போட்டாங்க. முன்பணம் பழைய முன்பணம்தான், கிளம்பிப் போற வழியை மட்டும் அடைச்சுட்டாங்க.

1782ல இந்தக் கரைக்கு எதிர்லயே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதிக்கிட்டது தனிக் கதை. 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரங்க இந்தியாவுல இருந்த இடங்களை இங்கிலீஷ்காரங்களுக்கு விட்டுக்கொடுத்தாங்க. அதுக்குள்ள இங்கிலாந்து மில் துணி வர ஆரம்பிச்சாச்சு.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். இருபது வருசம் தறி ஓட்டினவர். பொறுமையாக் கேட்டுட்டு, “திருப்பிக் கொடுக்கறதுக்கு அவங்ககிட்ட காசு இருந்துச்சாடா?”ன்னார்.

என்கிட்ட பதில் இல்ல. அடுத்த எபிசோடுல ஆலம்பரைக் கோட்டைக்குப் போவோம்.