எண்வரிசைக் களஞ்சியத்தின் வரலாறு

சொல்லொன்றின் பொருளை அறிய விரும்புவோன் அகராதியை நாடுகின்றான். ஆயின், 1, 2, 5, 14, 42 என்றாற்போல எண்வரிசையொன்று ஆய்வாளனுக்கு எதிர்ப்படின், அதன் பெயரையும் இயல்பையும் அவன் யாண்டுத் தேடுவான்? இக்குறையை நீக்க எழுந்ததே முழுவெண் வரிசைக் களஞ்சியம். அது வளர்ந்த வரலாறு கணிதம் பயில்வோர் யாவரும் அறியத்தக்கது.

1964ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த நீல் சுலோன் என்பார், தம் ஆய்வின்கண் 0, 1, 8, 78, 944 எனச் செல்லும் வரிசையொன்றைக் கண்டார். அது முன்னரே அறியப்பட்டதோ என நூலகத்திலே தேடினார். அதனை ஒத்தன சில கிடைத்தனவேயன்றி, அது கிடைத்திலது. அன்றுதொட்டு, நூல்களிலே காணும் வரிசைகளையெல்லாம் அவர் அட்டைகளிற் குறித்துத் தொகுக்கலானார். அத்தொகுப்பு 1973இல் 2,372 வரிசைகள் கொண்ட நூலாக வெளிவந்தது. அதனைக் கற்றோர் புதிய வரிசைகளையும் திருத்தங்களையும் கடித வாயிலாக அனுப்பினர். 1995இல் சைமன் புளூஃப் என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வரிசைகள் இடம்பெற்றன. 1996இல் களஞ்சியம் இணையத்தில் ஏறியது; 2009இல் அதனைப் பேணற்பொருட்டு அறநிலையமொன்று நிறுவப்பட்டது. இன்று அதிலுள்ள வரிசைகள் 3,50,000இற்கும் மேற்பட்டன.

இதனால் விளையும் பயன் யாது? மேற்கூறிய 1, 2, 5, 14, 42 என்னும் வரிசையை நோக்குவோம். முக்கோணி, நாற்கோணி, ஐங்கோணி, அறுகோணி முதலியவற்றை, ஒன்றையொன்று வெட்டாத மூலைவிட்டங்களால் முக்கோணிகளாகப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை இதுவே. அடைப்புக்குறிச் சோடிகளைப் பிழையின்றி அடுக்கும் வழிகளை எண்ணினும் இவ்வரிசையே தோன்றும். தொடர்பற்றனவாகத் தோன்றும் இரண்டிடையே உள்ள உறவைக் களஞ்சியம் ஒரு பக்கத்திலே காட்டிவிடுகின்றது.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு வட்டத்தின் பரிதியிற் சில புள்ளிகளை இட்டு, அவற்றையெல்லாம் நாண்களால் இணைப்போம்; மூன்று நாண்கள் உள்ளே ஒரு புள்ளியிற் சந்தியாதிருப்பனவாகுக. ஒன்று முதல் ஐந்து வரையான புள்ளிகளுக்கு வட்டம் முறையே 1, 2, 4, 8, 16 பகுதிகளாகும். ஆறு புள்ளிகளுக்கு 32 என்று கூற மனம் விரையும். எண்ணிப் பார்ப்பின் 31 பகுதிகளே உள!

காரணம் யாதெனின், ஒவ்வொரு நாணும் ஒரு பகுதியை மிகுவிக்கும். நாண்கள் உள்ளே வெட்டும் ஒவ்வொரு புள்ளியும் மேலும் ஒன்றை மிகுவிக்கும். ஆறு புள்ளிகளுக்கு நாண்கள் 15. நான்கு புள்ளிகளுக்கு ஒரு வெட்டுப்புள்ளியாக, வெட்டுப்புள்ளிகளும் 15. முதலில் இருந்த முழுவட்டம் ஒன்றையுங் கூட்ட 31 ஆகும். 1, 2, 4, 8, 16 எனத் தொடங்கும் இவ்விரு வரிசைகளும் களஞ்சியத்தில் உள. நம் வினாவுக்குரியது எது என்பதை அது தானாக உரைக்கமாட்டாது, நிறுவலே உரைக்கும்.

ஒரு மாணவனின் ஐயத்திற் பிறந்து, பல்லோர் உழைப்பால் வளர்ந்தது இக்களஞ்சியம். அதனிடம் விடை பெறுவது எளிது. அவ்விடை ஏன் அவ்வாறாயிற்று என வினவுவதே கல்வி. மாணவர் அதனைத் தேடலின் முடிவாகக் கொள்ளாது, தொடக்கமாகக் கொள்வாராக.