நெப்டியூன் என்ற நாய்

ஒரு முறை அம்மை வார்த்து எழுந்தவனுக்கு மறுபடி அந்த அம்மை வராது என்பார்கள். பகைவனைச் சரீரம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை முந்திக்கொண்டு தடுக்கிறது. ஆனால் அதே ஞாபகம் உயிருக்கே உலை வைக்கவும் கூடும் என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு நாய்.

1901-ம் ஆண்டில், மொனாக்கோவை ஆண்ட முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் சென்றார்கள். பட்டால் எரிக்கும் கடற்பிராணிகளின் விஷத்தை ஆராய்வது நோக்கம். ஊர் திரும்பியதும் கடற்சாமந்தி என்ற பிராணியின் விஷத்தை நாய்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று நெப்டியூன்; நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசி அதை ஒன்றும் செய்யவில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து, 1902-ல், அதே அளவு விஷத்தை மறுபடி செலுத்தினார்கள். சில விநாடிகளில் மூச்சு இரைத்தது. ரத்தமாக வாந்தி எடுத்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் இறந்துவிட்டது.

காப்புக்கு நேர்மாறானது என்ற பொருளில் ரிஷே இதற்கு 'அனபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டார். 1906-ல் வியன்னா டாக்டர் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லைத் தந்தார்.

நெப்டியூனைக் கொன்ற அந்த விபரீதத்தின் உறவுக்காரர்கள் தோலிலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக் குதிரைகள் சில, பிடரியையும் வால் அடியையும் ரத்தம் கசியும்வரை மரத்தில் தேய்த்துக்கொள்ளும். கொசுவைவிடச் சிறிய ஒருவகைப் பூச்சியின் கடி ஒவ்வாததே காரணம் என்று 1950-களில் ரீக் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். ஒரே மேய்ச்சல் நிலத்தில் எல்லாக் குதிரைகளையும் பூச்சி கடிக்கிறது. தவிப்பதோ சில மட்டும். மாலை மங்குமுன் லாயத்தில் அடைத்தால் கடி குறையும். நாய்களுக்கும் அப்படியே. தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒவ்வாத நாய்க்கு இரண்டு கடி போதும். மயிர் உதிரச் சொறிந்துகொள்ளும்.

நாமோ 'சொறிநாய்' என்பதை வசவாக வைத்திருக்கிறோம். அதன் அசுத்தத்தைப் பழிக்கிறோம். பல சமயம் குற்றம் அழுக்கினுடையது அல்ல. காவலுக்கு நின்றவன் ஆள் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே தடியை வீசுகிறான், அவ்வளவுதான்.

ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற உரையில் அவர் அந்த நாயின் சாவை மறக்காமல் சொன்னார். எனக்கு அந்த மனிதரிடம் பிடித்த விஷயம் அது. அந்த நாய் எதையும் கண்டுபிடிக்க விரும்பவில்லை. அதன் உயிரைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். பெயரையாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா?