கருப்பு வெள்ளை அச்சுப்படங்களைக் கழுவுதலும் சாயலேற்றமும்

இருட்டறையில் அச்சிடப்பட்ட கருப்பு வெள்ளை ஒளிப்படங்கள் நீண்டகாலம் மங்காதிருக்கும் பொருட்டுச் செய்யப்படும் இறுதிப் பணிகள் கழுவுதல், சாயலேற்றம் என்பனவாகும். கழுவுதல் தாளில் தங்கிவிட்ட வேதிப்பொருள்களை வெளியேற்றுகிறது. டோனிங் என்று பரவலாக அறியப்படும் சாயலேற்றம், உருவத்தைத் தரும் வெள்ளியை எளிதில் தாக்கப்படாத சேர்மமாக மாற்றுகிறது அல்லது அதன் மீது ஒரு காப்பாக அமைகிறது. நன்றாகக் கழுவினாலே படம் நிலைக்கும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1980களில் நடைபெற்ற ஆய்வுகள் இக்கருத்து முழுமையானதன்று என்று காட்டின.

படம் ஏன் மங்குகிறது?

மரபான அச்சுத்தாளில் காகிதத்தின் மேல் பேரியம் சல்பேட்டாலான வெண்மையான பரைட்டா அடுக்கும், அதன் மேல் ஜெலட்டின் அடுக்கும் உள்ளன. படத்தில் கருப்பாகத் தெரிவது ஜெலட்டினுள் பதிந்துள்ள நுண்ணிய உலோக வெள்ளியே. கொலுசில் உள்ளதும் இதே வெள்ளிதான். ஆனால் துகள்கள் மிகச் சிறியவையாதலால் அவற்றின் மேற்பரப்பு மிகுதி. எனவே அவை விரைவில் தாக்கப்படுகின்றன.

ஒளிபடாத வெள்ளி உப்புகளைக் கரைத்து நீக்கும் நிலைநிறுத்தியாகப் பயன்படுவது சோடியம் தயோசல்பேட்டு அல்லது அமோனியம் தயோசல்பேட்டு ஆகும். இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் இயல்பை ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். அக்காலத்தில் இதற்கு வழங்கிய பழைய வேதிப்பெயரின் சுருக்கமே இன்றும் வழங்கும் 'ஹைப்போ' என்பதாகும். படத்தைக் காக்கும் இப்பொருளே தாளில் எஞ்சினால் படத்தை அழிக்கிறது. அது மெல்லச் சிதைந்து கந்தகத்தை வெளியிட, வெள்ளி மஞ்சள் கலந்த பழுப்பு நிற வெள்ளி சல்பைடாகிறது. பலமுறை பயன்படுத்தித் தளர்ந்த நிலைநிறுத்தியில் இட்ட படங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அதில் உருவாகும் வெள்ளி தயோசல்பேட்டு அணைவுச் சேர்மங்கள் எளிதில் கரையாமல் தாளிலேயே தங்கி, வெண்பகுதிகளில் கறையாகின்றன. இக்குறையை எவ்வளவு நேரம் கழுவினாலும் போக்க முடியாது.

ஒளிப்படக் கலை தோன்றிச் சில ஆண்டுகளிலேயே இத்தகைய மங்கல் பெருங்கவலையாயிற்று. இலண்டன் ஒளிப்படக் கழகம் 1855இல் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியின் கணவரான இளவரசர் ஆல்பர்ட் இதற்கு 50 பவுண்டு வழங்கினார். எஞ்சிய ஹைப்போவையும், ஈரத்தோடு சேர்ந்த கந்தகச் சேர்மங்களையும் முதன்மைக் காரணங்களாகச் சுட்டிய அக்குழு, தங்கச் சாயலேற்றத்தைப் பரிந்துரைத்தது.

கழுவுதல்

கழுவுதல் அழுக்கைத் தேய்த்து அகற்றும் வேலையன்று. ஹைப்போ தாளின் உள்ளிருந்து நீருக்கு விரவிப் பரவ வேண்டும். ஜெலட்டினிலிருந்து அது விரைவில் வெளியேறும். காகித இழைகளும் பரைட்டாவும் அதனை எளிதில் விடுவதில்லை. ஆகவே கழுவும் நேரத்தைத் தீர்மானிப்பது நிலைநிறுத்தியில் தாள் கிடந்த நேரமே எனலாம். இல்ஃபோர்டு நிறுவனம் பரிந்துரைத்த முறை இதனை அடிப்படையாகக் கொண்டது: செறிவான விரைவு நிலைநிறுத்தியில் 1 நிமிடம் மட்டும், ஓடும் நீரில் 5 நிமிடம், கழுவல் துணைக்கரைசலில் 10 நிமிடம், மீண்டும் நீரில் 5 நிமிடம். நெடுநேரம் நிலைநிறுத்தியில் கிடந்த தாளுக்கு, துணைக்கரைசல் இல்லாவிடில், 1 மணி நேரமும் போதாமற்போகலாம்.

ஹைப்போ நீக்கி என்றும் கூறப்படும் இத்துணைக்கரைசலின் முதன்மைப் பொருள் சோடியம் சல்பைட்டு; 1 லிட்டர் நீருக்குச் சுமார் 20 கிராம் போதுமானது. கடல்நீரில் கழுவிய படங்களிலிருந்து ஹைப்போ விரைவாக வெளியேறுவதைக் கவனித்ததே இவ்வகைக் கரைசல்களுக்கு வழிகாட்டியது. கடல் உப்பும் படத்துக்குத் தீங்கானதாகையால் பின்னர் நன்னீரில் அலசுதல் இன்றியமையாதது.

நீர் 20 பாகை செல்சியசை ஒட்டி இருப்பது நல்லது. குளிர்ந்த நீரில் பரவல் மெதுவாகும். வெப்பமான நீரில் ஜெலட்டின் மிகையாக உப்பி மென்மையாகும். நம் ஊர்க் கோடைக்காலக் குழாய்நீர் பல நாட்களில் இவ்வரம்பைக் கடந்தது என்பதால் இருட்டறைகளில் பனிக்கட்டி பயன்பட்டது. படிக்காரம் சேர்த்து ஜெலட்டினை இறுக்கினால் அது வெப்பத்தைத் தாங்கும், ஆனால் கழுவும் நேரம் கூடும். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருத்தலும், பாதி கழுவிய படங்களிடையே நிலைநிறுத்தி சொட்டும் புதிய படத்தைப் போடாதிருத்தலும் நீரின் அளவைவிட முக்கியமானவை. பாலித்தீன் பூசிய தாள்களுக்கு 2 நிமிடக் கழுவலே போதும்.

கழுவல் போதுமானதா என்பதை அமிலங்கலந்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலின் ஒரு சொட்டை வெண்ணிற விளிம்பில் 2 நிமிடம் வைத்து அறியலாம். ஹைப்போ மிகுந்திருந்தால் அடர்ந்த பழுப்புக் கறை தோன்றும். எஞ்சிய வெள்ளி அணைவுகளை அறிய நீர்த்த சோடியம் சல்பைடுக் கரைசல் பயன்படுகிறது.

சாயலேற்றம்

முழுமையாகக் கழுவிய படத்திலும் வெள்ளி வெறும் வெள்ளியாகவே உள்ளது. புதிய வண்ணப்பூச்சு வெளிவிடும் பெராக்சைடுகள், வாகனப் புகை, தரங்குறைந்த அட்டை ஆகியவை அதனை ஆக்சிசனேற்றம் செய்கின்றன. வெள்ளி அயனிகள் ஜெலட்டினுள் நகர்ந்து மீண்டும் வெள்ளியாகப் படியும்போது மஞ்சள் கறைகளோ செந்நிறப் புள்ளிகளோ தோன்றுகின்றன. மேற்பரப்பில் படிந்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு உண்டாகிறது.

செலீனியச் சாயலேற்றத்தில் வெள்ளி, வெள்ளி செலீனைடாக மாறுகிறது. ஆன்செல் ஆடம்சு முதலிய ஒளிப்படக் கலைஞர்கள் இம்முறையைக் கையாண்டனர். நிறம் பெரிதும் மாறாமல் கருமை செறிவது இதன் சிறப்பு. ஆனால் அடர்ந்த நிழற்பகுதிகளே முதலில் மாறுகின்றன. மென்மையான சாம்பல் நிறப் பகுதிகள் நீர்த்த கரைசலில் பெரும்பாலும் வெள்ளியாகவே எஞ்சுகின்றன. மேலும், கடைகளில் கிடைக்கும் செலீனியக் கரைசல்களில் தயோசல்பேட்டும் கலந்திருப்பதால் அதன் பின்னர் மீண்டும் முழுமையாகக் கழுவ வேண்டும். பலர் தவறவிடும் படி இது. செலீனியச் சேர்மங்கள் நச்சுத்தன்மை கொண்டவை. கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம் தேவை.

செப்பியா முறையில் வெள்ளி வெளுக்கப்பட்டுப் பின் வெள்ளி சல்பைடாக மாற்றப்படுகிறது. பாலிசல்பைடுக் கரைசல் வெளுக்காமலே இதனைச் செய்கிறது. கொலுசு கறுக்கும்போது உண்டாவதும் இதே சல்பைடுதான். கந்தகம் கட்டுப்பாடின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாக்கினால் கறை. படம் முழுவதும் சீராக வினைபுரிந்தால் காப்பு. தங்கச் சாயலேற்றமும் காப்பளிப்பதே, ஆயினும் விலை மிகுந்தது. இரும்பு உப்புகளால் பெறப்படும் நீலச் சாயல் அழகுக்கானது, நிலைப்பைக் கூட்டுவதில்லை.

அமெரிக்காவின் ரோச்செசுட்டர் நகரில் 1985இல் தொடங்கப்பட்ட பட நிலைப்பு ஆய்வு நிறுவனம் நுண்படச் சுருள்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத முடிவுகள் கிடைத்தன. நீர்த்த செலீனியம் குறைந்த அடர்த்திப் பகுதிகளைக் காக்கவில்லை. பாலிசல்பைடு எல்லாப் பகுதிகளையும் காத்தது. மிகச் சிறிதளவு தயோசல்பேட்டு எஞ்சிய படங்கள், அறவே எஞ்சாதவற்றைக் காட்டிலும் ஆக்சிசனேற்றத்தை நன்கு தாங்கின. எஞ்சிய கந்தகம் வெள்ளியைச் சிறிதளவு சல்பைடாக்கியதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதனைக் கழுவாமல் விடுவதற்கான சாக்காகக் கொள்ளக் கூடாது. அளவு சற்றே மிகுந்தாலும் பழைய கேடே திரும்பும்.

பழைய படங்கள்

வீடுகளில் காணப்படும் பழுப்பு நிறப் படங்கள் அனைத்தும் மங்கியவை அல்ல. பழுப்பு சீராகவும் நிழற்பகுதிகள் செறிவாகவும் இருந்தால் அது செப்பியாவாக இருக்கக்கூடும். விளிம்பில் தொடங்கித் திட்டுத்திட்டாகப் பரவி, வெண்பகுதிகளின் நுணுக்கங்கள் மறைந்திருந்தால் அது சிதைவாகும். இத்தகைய படங்களை மீண்டும் கழுவ முயல்வது ஆபத்தானது. பழைய ஜெலட்டின் நீரில் கழன்றுவிடலாம். ஒளிப்படக்கூடங்களில் கையால் தீட்டிய வண்ணங்கள் கரைந்துவிடும். முதலில் வருடி மூலம் நகலெடுத்துக்கொண்டு, மூலப்படத்தை அமிலமற்ற தாளில் ஈரமற்ற இடத்தில் வைப்பதே வழக்கம்.